இரண்டு புரதங்கள் சொன்னது

அன்புள்ளவருக்கு,

நேரில் சொல்ல மூன்று நாள் முயன்றும் வாய் வரவில்லை. நீங்கள் தம்பி வீட்டுக்குப் போனபின் எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிய சோதனை ஒன்று வந்திருக்கிறது. விந்துத் திரவத்தில் இரண்டு புரதங்களை அளந்தால் போதும். விந்தணு உருவாகவே இல்லையா, வரும் வழியில் அடைப்பா என்று கத்தி படாமலே தெரிந்துவிடும். சரிபார்க்க, உறையவைத்திருந்த பழைய மாதிரிகளை எடுத்தோம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரியும் அதில் இருந்தது.

அந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? விதையிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பச்சை அங்கியில் நீங்கள் வெடவெடத்துக்கொண்டிருந்தீர்கள்.

"போதும், எந்திரிங்க. எனக்கு நீங்க இருந்தா போதும்" என்றேன்.

"இந்த அங்கியோடயேவா?" என்றீர்கள்.

படியிறங்கும்வரை நமக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மழையில் ஒரே குடையில் வீடுவரை நடந்தோம். அவ்வளவு சந்தோஷமாக உங்களை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

வெறும் அடைப்புதாங்க. சின்ன ஆபரேஷனில் சரியாகியிருக்கலாம்.

எழுந்து வரச் சொன்னவள் நான். ஒருநாளும் நீங்கள் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. இதை மறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால், நமக்குக் குழந்தை இல்லாததற்கு "எல்லாம் என் குறை" என்று இத்தனை வருடம் தலைகுனிந்தவரிடம் மறைக்க மனம் ஒப்பவில்லை.

கோபப்படுவதென்றால் வீட்டுக்கு வந்து கோபப்படுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு ஸ்டேஷனில் நிற்பேன்.

உங்கள் வீட்டுக்காரி