வதனி தந்த பிறஷர் மெஷின்

கொழும்பு, வெள்ளவத்தை. 1997 கார்த்திகை, செவ்வாய்.

மேல்மாடி டொக்டர் வதனி நாளைக்குக் கனடா போறா. இண்டைக்குத்தான் சொல்லுறா. இங்க எல்லாரும் அப்பிடித்தான், பிளேன் ஏறுமட்டும் வாய் திறக்கமாட்டினம். போகேக்க மட்டும் சாமானைக் கொண்டுவந்து எங்கட தலையில கட்டுவினம். முன்வீட்டு எஞ்சினியரும் வெளிநாடு போகேக்க ஃபேனைத் தந்திட்டுப் போனார். இப்ப வதனியின்ர பிறஷர் மெஷின்.

"உமக்கு வேண்டாமோ?" எண்டு கேட்டன்.

"அங்க என்ர படிப்பு செல்லாது அக்கா. சோதினை எடுத்து முடிக்குமட்டும் சித்தப்பாவின்ர கடையிலதான் நிக்கவேணும். அண்ணைக்கு இனி நீங்களே பாருங்கோ."

என்ர மனுசனுக்குப் பாரிசவாதம் வந்த நாளில இருந்து ஒவ்வொரு பின்னேரமும் இறங்கி வந்து பிறஷர் பாத்து, அரைக் குளுசையோ முழுக் குளுசையோ எண்டு சொல்லுறது வதனிதான். அவவில கோவப்படவும் ஏலாது. தன்ர தம்பியைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போய் வைச்சிருந்து விட்டதில இருந்து அந்தப் பிள்ளை நித்திரை கொள்ளேல்லை.

பட்டியை இறுக்கி ரண்டு தரம் காட்டித் தந்தா. விளங்கின மாதிரித் தலையாட்டினன். அவ போனாப் பிறகு குழாயைக் காதில மாட்டி நானே காத்தடிச்சுப் பாத்தன். டப் டப் எண்டு கேட்டுது. எந்தச் சத்தத்தில மெஷின் ஊசி காட்டுற நம்பரைப் பாக்கிறதெண்டு பிடிபடேல்லை. மேல போய்க் கேட்டிருக்கலாம். பெட்டி கட்டுற சத்தம் கேட்டுது, போக மனம் வரேல்லை.

"எப்பிடி இருக்கு?" எண்டார் இவர்.

"நேற்றைய மாதிரித்தான்."

"அப்ப அரைக் குளுசையே போதும் என்ன?"

ஓம் எண்டு உடைச்சுக் குடுத்திட்டன். இப்ப பக்கத்தில இருந்து, மூச்சு வருதோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.