சொட்டு நிற்கும்வரை வெறுங்கால்

பொன்மணிக்கு, சோலைராஜ் எழுதுவது. ஆஸ்திரேலியாவில் நான் நல்ல சுகம். அத்தைக்கு முட்டுவலி தேவலையா? புதூரில் மழை உண்டா?

போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் எழுதுகிறேன். முதலாளி கிளைவ் தன் கொட்டகையிலேயே கைப்பட ஒரு குட்டி விமானம் செய்திருக்கிறார். மேலும் கீழுமாக இரட்டை இறக்கை. நேற்று அதில் பெட்ரோல் அளவு பார்க்கும் கண்ணாடிக் குழாயின் அடியில் கசிந்தது. "ஒரு சொட்டுதானே" என்று அவர் இன்ஜினைக் கிளப்பப் போனார்.

ஊரில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தபோது, உரசிப் பொறி கிளம்பிவிடும் என்று மருந்து அறைக்குள் செருப்போடு நுழையாத கால் இது. செருப்பை வெளியே உதறிவிட்டு, "தொடாதீங்க அண்ணாச்சி! மொதல்ல பூட்ஸைக் கழத்துங்க!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். என் வெறுங்காலைப் பார்த்துப் புரிந்துகொண்டு, மனுஷர் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வெளியே போனார். டாங்கைக் காலி செய்து, இறுகிப்போன ரப்பர் வாஷரை மாற்றினேன். கசிவு நின்றது. இன்று அவரே வெறுங்காலோடு உள்ளே வந்தார். நீ பார்த்திருந்தால், "அவியளையும் மாத்திட்டீங்களா?" என்று சிரித்திருப்பாய்.

இனி அந்தக் குழாயைத் தினமும் துடைத்துப் பார்க்க வேண்டும். இங்கே விற்கும் துணி பிசிறு விடுகிறது. உன் பழைய நூல் சேலை ஒன்று அனுப்பு. கிளைவ் கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

எப்படியும் அழுக்காகப் போகிற சேலைதான். துவைக்காமலே அனுப்பு.

சோலைராஜ்