துடைத்த கோடு

வியாழன், இரவு

அந்தோணி அண்ணனின் பாய்மரப் படகுக்கு எங்கள் பட்டறையில் செய்ததில் மிச்சமிருந்த ஒரு கம்பியை இன்று பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் இழுத்துச் சோதித்தார்கள். கம்பி அறுந்துபோகவில்லை. முனையில் நாங்கள் அழுத்திப் பொருத்திய எஃகுக் குழலை விட்டு அப்படியே உருவிக்கொண்டு வந்துவிட்டது. பாதிதான் உள்ளே போயிருந்தது.

எவ்வளவு ஆழம் போக வேண்டுமென்று கம்பியில் மையால் கோடு போடுவோம். கோடு குழல் வாயில் நின்றால் சரி. படகுக்குப் போன எட்டு முனையிலும், கோடு எங்கே நிற்கிறதென்று பார்க்காமலே, அசிங்கமாக இருக்கிறதென்று தின்னரால் துடைத்தவன் நான். இனி எது முழுசு, எது பாதி என்று யாருக்கும் தெரியாது.

முதலாளி அண்ணாச்சியிடம் சொன்னேன். "ஒண்ணு உருவினா எட்டும் உருவிருமாலே? சோலியப் பாரு" என்றார்.

அந்த எட்டு முனையும்தான் அண்ணன் படகில் பாய்மரத்தைச் சாயாமல் பிடித்திருக்கின்றன. அவர் போன் கிடைக்கவில்லை. தூத்துக்குடியில் அவர் வீட்டுக்குப் போட்டேன். மதினி எடுத்தார்கள்.

"விடியக்காலமே பாய் விரிச்சிப் போயிட்டாவ. நல்ல காத்து. கம்பியெல்லாம் வெள்ளி மாதிரி மின்னுதுன்னு அவியளுக்கு ஒரே சந்தோசம். யாரு தம்பி துடைச்சது?"

"நான்தான் மதினி" என்றேன். போனை வைத்துவிட்டேன்.