அப்பா வண்டிக்கு நீ எடுத்த டயர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், காய்ச்சல் தலைவலி என்று படுக்கவில்லை, அதற்குப் பெயர் சுகம் என்றால் நாங்களும் சுகம். தினமும் போனில் பேசுகிறோமே, அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனை உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறார், உன் குரல் வீடு முழுக்கக் கேட்க வேண்டுமாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் எதைச் சொல்லட்டும். அதனால்தான் அவர் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். அவர் எங்கே போயிருக்கிறார் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதில் ஆரம்பித்தால் கோபத்தில் என்னென்னவோ எழுதிவிடுவேன், ஒவ்வொன்றாகவே வருகிறேன்.

உன் தங்கைக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அவள் குழந்தைக்கு முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன, கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறது, போன வாரம் மாப்பிள்ளையின் மூக்குக் கண்ணாடியைக் கடித்து வைத்தது. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றபாடில்லை, குழாய்க்காரர் நாளைக்கு நாளைக்கு என்று நாளைக் கடத்துகிறார். என் முழங்கால் எப்போதும் போலத்தான். நீ ராத்திரி வெகுநேரம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே, படத்தில் உன் கண் உள்ளே போய்க் கிடக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பா கண்ணாடிக் கடைக்குக் கண்ணாடிப் பலகை ஏற்றி ஓட்டும் பிக்கப் வண்டிக்கு டயர் தேய்ந்து வழுக்கையாகி மாற்ற வேண்டியதாயிற்று. அது நியாயமான செலவு, நீ பணம் கொடுத்ததற்கு நான் குறை சொல்லவில்லை. ஆனால் டயர் கடையில் அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை, வீடியோவில் நீ பேச, போனைப் பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான். அப்பா முதலிலேயே சொன்னார், “பழைய அளவே போதும்பா” என்று. நீயோ, சின்னச் சக்கரத்தில் வண்டி பொம்மை மாதிரி இருக்கிறது, நீ இருக்கிற நாட்டில் யாரும் இப்படி ஓட்ட மாட்டார்கள் என்று சொல்லி, உன் சினேகிதன் வண்டியைக் காட்டினாய். டயர் கடைக்காரரே தலையைச் சொறிந்தார். “ஒரு சைஸ் ஏத்தலாம் தம்பி, இது ரொம்பப் பெருசு, வண்டியைத் திருப்பும்போது உள்ளே உரசும்” என்றார். உரசினால் உள்பக்கத் தகட்டைத் தட்டி விடுங்கள் என்றாய். அப்பா மறுபடியும், “கண்ணாடிக் கடை ஷட்டர் இருக்கேப்பா” என்று ஆரம்பித்தார். நீ அந்தப் பேச்சை முடிக்கவிட்டாயா? “நீங்க சும்மா இருங்கப்பா, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது” என்றாய். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து வண்டி ஓட்டுகிறவரைப் பார்த்து, கடையில் நாலு பேர் கேட்க. அவரும் சும்மா இருந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை, போனைப் பார்த்தே பேசி, போனைப் பார்த்தே தலையாட்டி, வேலையை முடித்தார். பழைய டயர்களையும் அவற்றின் ரிம்களையும் கடைக்காரரையே எடுத்துக்கொள்ளச் சொன்னதும் நீதான்.

உனக்கு ஒன்று தெரியாது, இப்போது தெரிந்துகொள். இந்த வீட்டில் நீ அனுப்புவது எதையும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது, அது உன் அப்பா போட்ட சட்டம். பெட்டி வந்ததும் பிரிப்பார், அணிந்தோ பிடித்தோ ஒரு படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்வார், அதோடு அந்தப் பொருளின் வேலை முடிந்தது, பரணுக்குப் போய்விடும். நீ அனுப்பிய காலணி அவருக்கு ஒரு விரல் சிறியது, படம் எடுக்கும்வரை காலை மடக்கிக்கொண்டு நின்றார். அந்தக் காப்பி மெஷினின் பிளக் நம் வீட்டுச் சுவரில் எங்கேயும் நுழையாது. அந்தக் கனமான கோட்டைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்கச் சிரித்தாரே, அந்தப் படத்தைத்தானே நீ எல்லோருக்கும் காட்டினாய்? நானும் இத்தனை வருஷம் அந்த நாடகத்தில் கூடவே நடித்தேன், பிள்ளை ஆசையாக அனுப்புகிறான், போகட்டும் என்று. பரணில் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. டயரைப் பரணில் போட முடியுமா சொல், அதில்தானே வண்டி ஓட வேண்டும்.

கண்ணாடிக் கடை எப்படிப்பட்ட இடம் என்று நீ பார்த்திருக்கிறாய். தெருவில் வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்த முடியாது, பின்னால் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவார்கள். ஷட்டருக்கு உள்ளே கொண்டுபோய் நிறுத்தித்தான் கண்ணாடி ஏற்ற வேண்டும். அதற்காகத்தான் அப்பா வெல்டிங்காரர் பக்கத்திலேயே நின்று அளந்து, வண்டியின் பின்னால் கண்ணாடியைச் சாய்த்து வைக்கும் அந்த இரும்புச் சட்டத்தைச் செய்து வாங்கினார். ஷட்டருக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. நீ எடுத்த டயர் வண்டியை மூன்று விரல் தூக்கிவிட்டது. அவ்வளவுதான், கதை முடிந்தது. சட்டத்தை அறுத்துக் குறைத்தால் என்ன என்று கேட்பாய், எனக்குத் தெரியும் உன்னை. உயரக் கண்ணாடிக்கு மேலே பிடிப்பு இல்லையென்றால் ஆடி ஆடி நடுவழியில் விரிசல் விட்டுவிடும்.

இதை உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே தீர்ந்திருக்கும். அவர் என்ன செய்தார் தெரியுமா? நாலு டயரிலும் காற்றை இறக்கிவிட்டு உள்ளே போனார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதே தொளதொள டயரோடு வெளியே வந்து, தெருமுனையில் காற்று அடித்துக்கொண்டு போவார். ஒவ்வொரு நடைக்கும் இதே கூத்து. கடைப்பையன்கள் சிரித்தார்களாம். அதையும் சகித்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினார். ஒரு நாள் காற்று அடிக்கிற இடத்துக்குப் போவதற்குள் வேகத்தடையில் ஏறி வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, யாரோ புது வீட்டுக்கு ஆசையாகச் சொல்லிச் செய்த முழு உயரக் கண்ணாடி இரண்டாகிப்போனது. இத்தனை வருஷத்தில் அவர் கையில் ஒரு கண்ணாடி உடைந்ததில்லை. கடைக்காரர் கத்தவில்லை, அவர் கத்தியிருந்தால் கூடத் தேவலை என்று அப்பா சொன்னார். மறுநாளிலிருந்து வேறு வண்டியைக் கூப்பிட்டார்கள்.

அந்த வேறு வண்டிக்காரன் யார் என்றால், ஊரே ‘அவசரம்’ என்று கூப்பிடுமே, பின்கதவைத் திறந்து போட்டபடியே ஓட்டிக்கொண்டு போவானே, அவன்தான். போன செவ்வாய்க்கிழமை மருந்து வாங்கிக்கொண்டு நான் நாற்சந்தியில் நின்றேன். அவன் வண்டி திரும்பியது. பின்னால், திறந்த இடத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி ஒரு ஆள் குந்தியிருந்தார். உன் அப்பா. நம் வண்டி வாசலில் நிற்கிறது, அவர் அடுத்தவன் வண்டியில் சுமை பிடிக்கப் போகிறார், இந்த வயதில். என்னைப் பார்த்தார். பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு மருந்துப் பையை அங்கேயே விசிறி அடிக்கலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும், “சும்மா துணைக்குப் போனேன், அவனுக்குக் கண்ணாடி பிடிக்கத் தெரியாது” என்றார். இப்போது நான் இதை எழுதும்போதும் அங்கேதான் போயிருக்கிறார். அன்று சாயங்காலம்தான் நீ, வண்டி பக்கத்தில் அப்பா நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றாய். அவர் முகம் கழுவி, தலை வாரி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றார். ‘கெத்து’ என்று பதில் எழுதினாய்.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அது எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா கம்பீரமாக ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டாய். ஆனால் அந்த ஆசையில் அப்பா எங்கே இருந்தார்? படத்தில் இருந்தார். கேட்கிற இடத்தில் வைத்தாயா அவரை? தொலைவில் இருந்தால் பாசம் இப்படித்தான் ஆகும்போல, நீங்கள் நினைத்ததை அனுப்புகிறீர்கள், நாங்கள் வாங்கிக்கொண்டு சிரிக்கிறோம். எனக்குச் சிரித்துச் சிரித்து வாய் வலித்துவிட்டது.

போன வாரம் நானே டயர் கடைக்குப் போய்க் கேட்டேன். பழைய அளவில் டயரும் ரிம்மும் இருக்கின்றன, இதைக் கொடுத்துவிட்டு அதை மாட்டிக்கொள்ளலாம், அரை நாள் வேலை என்றார். கண்ணாடிக் கடைக்காரரையும் பார்த்தேன். நல்ல மனுஷர், “அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துப் பாக்கறேன் அக்கா, அதுக்கு மேல அவசரத்தையே நிரந்தரமா வெச்சுக்க வேண்டியதுதான்” என்றார். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அப்பா துள்ளி எழுந்துவிட்டார். “அவன் ஆசையா எடுத்துக் குடுத்தது, கழட்டினா அவன் மனசு என்ன பாடுபடும், அவன் லீவுல வந்து ஓட்டிப் பாக்கட்டும், அதுவரைக்கும் தொடக்கூடாது” என்றார். உன் காதுக்கு எதுவும் போகக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் செய்து கொடுக்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கழுத்தை நீட்டிய நாளிலிருந்து இவரோடுதான் இருக்கிறேன், என் பேச்சுக்கு அசையமாட்டார், உன் பேச்சுக்கு அசைவார். அதனால், என் வீட்டுக்காரர் அவருடைய வண்டிக்கு அவருக்கு வேண்டிய டயரைப் போட்டுக்கொள்ள, நான் பெற்ற பிள்ளையிடம் உத்தரவு கேட்டு எழுதுகிறேன். எழுதும்போதே கூசுகிறது. அதற்காக, கழட்டுங்கள் என்று அவருக்கு உத்தரவு போட்டுவிடாதே, அது மறுபடியும் நீ முடிவு செய்வதுதான். “உங்களுக்கு எந்த டயர் வேணும்பா” என்று கேள். இதுவே நல்லாத்தான் இருக்கு என்பார். அதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகப் போனை வைத்துவிடாதே. இன்னொரு தரம் கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. அவர் இருமுவார், தண்ணீர் குடிப்பார், குழந்தையின் பல்லைப் பற்றிப் பேசுவார். நீ குறுக்கே பேசாதே.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதற்காக உனக்கு நல்லது நினைக்காமல் இருக்க முடியுமா, எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அப்பாவைக் கூப்பிடு, வேலை நாளில், காலையில் கூப்பிடு. அது உனக்குத் தூங்குகிற நேரம் என்று தெரியும், ஒரு நாள் தூக்கம் போனால் போகட்டும். அவர் அந்த அவசரத்தின் வண்டியில் பின்னால் ஏறி உட்காருவதற்கு முன்னால் கூப்பிடு.

உன்னைப் பெற்றவள்,
அம்மா