படத்தில் சேராத தாலாட்டு

சாப்பாட்டு மேசையில் அந்தத் தகர டப்பா இருக்கிறது. மூடியைத் திறந்தாலே புளித்த நெடி. உள்ளே ஒலிநாடா, மேலே ஒட்டிய தாளில் உன் பெயரும், 'தொட்டில் காட்சி, வேண்டாம்' என்ற குறிப்பும். ஸ்டூடியோவில் பழையதையெல்லாம் கழித்துக் கட்டும்போது ஒலிப்பதிவாளர் உன் பெயரைப் பார்த்திருக்கிறார். தாம்பரத்தில் நம் சர்ச்சைத் தேடி வந்து, நாம் சேர்ந்து பாடிய பாடகர் குழுவில் விசாரித்து, உன் சிநேகிதி என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கி வைத்த நாள் முதல் நேற்று வரை அதன் பக்கம் போகவே பயம். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவளின் லட்சணத்தைப் பார்.

அது பேய்ப்படம். செத்துப்போன தாய் தன் பிள்ளையின் தொட்டிலைத் தேடி வருகிற ரீல். இசையமைப்பாளர் அதற்கு இரண்டு விதமாக எழுதியிருந்தார்: ஒன்று வயலின்கள் மட்டும், மற்றது வார்த்தையில்லாத தாலாட்டு. தாலாட்டுக்கு நீ. அப்போது நீ வாயும் வயிறுமாக இருந்தாய். ஸ்டூடியோவில் சொல்லியிருந்தால் பிள்ளைத்தாய்ச்சியைப் பேய்ப்படத்துக்கு உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு, மின்சார ரயிலில் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தாய்.

"ஏண்டி, என் பிள்ளைக்கு முன்னாடி பேயோட பிள்ளைக்குத் தாலாட்டு பாடப்போறேனே. ஒண்ணும் ஆகாதில்ல?"

"ஆமா, பேய் வந்து உனக்கு வளையல் போடப்போகுது. சும்மா வாடி" என்றேன். உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான்.

திரையில் படம் ஓட ஓட, அதைப் பார்த்தே பாட வேண்டும். நீ பார்க்க மாட்டேன் என்று முதுகைக் காட்டி நின்றுவிட்டாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். திரையில் பேயின் வெள்ளைச் சேலை வாசலைத் தாண்டினால் உனக்குச் சைகையாக ஒரு அழுத்து, தொட்டிலைத் தொட்டால் இன்னொன்று. தொட்டிலருகே உன் குரல் இறங்கியபோது வயலின்காரர் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

போட்டுப் பார்த்த விநியோகஸ்தர், "இதக் கேட்டா பொம்பளைங்க தியேட்டர் பக்கமே வரமாட்டாங்க சார்" என்றாராம். படத்தில் வயலின்தான் போயிற்று. உனக்கு அப்பாடா என்றிருந்தது. "கர்த்தர் காப்பாத்திட்டார்டி, அந்தப் பாட்டு வெளிய வரல" என்றாய்.

பிரசவத்துக்குப் போன நீ திரும்பவில்லை. பெண் குழந்தை பிழைத்தது. ரத்தப்போக்கு என்றார் டாக்டர். அது எனக்குப் புரியும். ஆனாலும் சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் உன் வீட்டைக் கடக்கும்போதெல்லாம், அந்தத் தாலாட்டுதான் உன்னைக் கூட்டிப்போனதோ என்று குலை நடுங்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

உன் மகள் இப்போது தாவணி போடுகிறாள். சனிக்கிழமையானால் என்னிடம் வந்துவிடுவாள். வெகுநாளாக அவள் கேட்பது ஒன்றுதான்: "எங்கம்மா வாய்ஸ் எப்படி இருக்கும் ஆன்ட்டி?" எனக்குத் தெரிந்து உன் குரல் இருப்பது இந்த நாடாவில் மட்டுமே. கேட்க வைத்தால் இவளையும் ஏதாவது பிடித்துக்கொள்ளுமோ? தாயின் குரலை மறைத்து வைக்க நான் யார்?

நேற்று சர்ச்சிலிருந்து டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி வந்தேன். பட்டப்பகல்தான், இருந்தும் ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்து, உன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்த பிறகே போட்டேன். படம் இல்லாமல் குரல் மட்டும் வந்தது இன்னும் பயங்கரமாக இருந்தது. தொட்டில் வரும் இடத்தில் என் விரல்கள் தாமாகவே அவள் மணிக்கட்டை அழுத்தின.

பாட்டு முடிந்தும் நாடா ஓடியது. மைக்கை அணைக்க மறந்திருக்கிறார்கள். நீ மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு நான் அடியோடு மறந்துபோயிருந்த உன் பேச்சு: "ஏய், உள்ள உதைக்குதுடி! பாட்டுக் கேட்டு உதைக்குது!" சொல்லிவிட்டு நீ சிரித்தாய்.

அவள் என்னைப் பார்த்தாள். "யாரு ஆன்ட்டி உதைச்சது?"

"நீதாண்டி."

மறுபடி போடச் சொன்னாள். அதற்கப்புறம் மறுபடியும். அவள் முகத்தில் பயம் என்பதே இல்லை. எனக்கு இன்னும் போகவில்லை; தொட்டில் வந்தால் விரல் அழுத்தத்தான் செய்கிறது. பயத்தை நானே வைத்துக்கொள்கிறேன். தாலாட்டு அவளுடையது.