கறுப்பாகிப்போன கடைசிப் படம்

அன்பு மகன் முகம்மது சலீமுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஜெர்மனியில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் உன் உம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால் இதை எழுதி, தம்பியின் கூட்டாளி ஜோஷ்வாவிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

வடகரையில் மறுபடியும் சாரல் பிடித்துவிட்டது, சுவரெல்லாம் ஈரம். உம்மாவுக்குச் சர்க்கரை கூடிவிட்டது, மாத்திரையைக் கையில் கொடுத்தால் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறாள். இந்த வருஷம் தென்னைக்கு நான் உரம் வைக்கவில்லை, யாருக்காக வைப்பது என்று விட்டுவிட்டேன்.

நீ முதலில் அனுப்பிய சின்ன ஸ்கேனரில் தம்பி இஸ்மாயிலின் பிலிம் நுழையவே இல்லை, அது சாதாரண பிலிமுக்கானது, இவன் கேமராவில் போட்டதோ அகலமான பிலிம். அடுத்து அனுப்பினாயே, ஜெராக்ஸ் மிஷின் மாதிரி மூடி திறக்கிறது, அது நல்ல மிஷின். மூடியிலும் லைட் இருப்பதால் பதினோரு படம் பளிச்சென்று வந்தது. ஐந்தருவியில் குளிக்கிறவர்கள், பாறை, பழக்கடை, குரங்கு, எல்லாம் அவன் பார்த்தவை, எதிலும் அவன் இல்லை. பன்னிரண்டாவதில்தான் அவன் நிற்கிறான், கடைசி நாள் காலையில் ஜோஷ்வா எடுத்தது. அது நெகடிவில் வெறும் கறுப்பாகக் கிடக்கிறது.

இப்போது மூன்றாவதாக ஜப்பானில் ஒரு பழைய ஸ்கேனரைப் பார்த்து வைத்து, அது கறுப்புக்குள்ளேயும் ஊடுருவி எடுக்கும் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டாய். அன்றிலிருந்து தெருவில் எந்த வண்டி நின்றாலும் கூரியரா என்று ஓடுகிறாள். போன சீசனில் இலஞ்சி பக்கம் லாரி மோதி அவன் வந்த கோலத்தில், முகத்தைத் திறந்து தாய்க்குக் காட்ட வேண்டாம் என்று ஜமாஅத் பெரியவர்கள் சொல்லி அப்படியே அடக்கிவிட்டோம். "வீட்டுல கெடக்க பழைய போட்டோ ஒண்ணும் வேண்டாம், அன்னைக்குக் காலையில எம்புள்ள எப்படி இருந்தான்னு ஒரு தடவ பாக்கணும்" என்கிறாள்.

நீ சொன்ன அதே ஸ்கேனர் திருவனந்தபுரத்தில் ஒருவரிடம் இருப்பதாக விசாரித்து ஜோஷ்வா என்னைக் கூட்டிப்போனான். உம்மாவிடம் கண் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்த மனிதர் சலிக்காமல் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். திரையில் வெறும் சாம்பல் நிறம். வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்ததும் ஜோஷ்வா உடைந்துபோனான். "மாமா, லாரி அடிச்சதுல கேமரா தெறிச்சி பின்மூடி தொறந்து கெடந்துச்சி. அன்னைக்குன்னு பாத்து சரியான வெயிலு. கடைசியா எடுத்த படம் மேலாப்புல விரிஞ்சி கெடந்ததால அத வெயில் தின்னுட்டு, அடியில சுருண்டு இருந்ததெல்லாம் தப்பிச்சிட்டு. இனிமே எந்த மிஷின் வந்தாலும் அவன் மொகம் வராது மாமா" என்றான். வீட்டுக்கு வந்ததும் உம்மா கண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாகத் தெரிகிறது என்றேன்.

மறுநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, "அதுல படம் இல்லட்டி சாஜிதா" என்று சொல்லிப் பார்த்தேன். "அன்னைக்கும் எங்கண்ணுல காட்டாம மறச்சிய, இன்னைக்கும் மறைக்கப் பாக்கிய. பெரியவன் மிஷினப் பத்திப் படிச்சவன், அவன் சொல்லட்டும்" என்றவள்தான், அதன் பிறகு என்னிடம் பேச்சு இல்லை.

அந்த ஸ்கேனரை வாங்காதே மகனே. தம்பி மையத்தை அடக்க வர உனக்கு லீவு கிடைக்கவில்லை, அந்தத் தவிப்பில்தான் லீவு நாளெல்லாம் உட்கார்ந்து மிஷின் தேடுகிறாய் என்று எனக்குத் தெரியாதா. ஆனால் உம்மாவிடம் இதை நீதான் சொல்ல வேண்டும். மிஷின் கிடைக்கவில்லை என்று சொல்லிவைக்காதே, இன்னொன்றுக்குக் காத்திருப்பாள். தம்பி அதில் இல்லை என்றே சொல். சொல்லிவிட்டு உடனே போனை வைத்துவிடாதே, அவள் அழுது ஓயும்வரை இரு.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, மழையில் வண்டியை எடுக்காதே. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கூப்பிடு, மறந்துவிடாதே. அல்லாஹ் உன்னையாவது எங்களுக்கு விட்டுவைக்கட்டும்.

வஸ்ஸலாம்.
உன் வாப்பா,
யாக்கூப், வடகரை