பேச்சை மட்டும் விட்டுடுங்க

இன்று காலை பெரம்பலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் படுத்திருந்தேன். சிறுநீரகத்தில் கல். வயிற்றில் அந்தக் குளிர்ந்த பசையைத் தடவியதும் அழுகை வந்துவிட்டது. "வலிக்குதாங்க சார்?" என்று ஸ்கேன் எடுக்கும் பெண் பதறினாள். என் மனைவி உன்னை நினைத்துக்கொண்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

உன் மூளையில் இருந்த கட்டியைப் பற்றித் திருச்சி டாக்டர் விளக்கிய அன்று, வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் அல்ட்ராசவுண்டைத்தான் ஆபரேஷன் நடக்கும்போது மூளையிலும் வைத்துப் பார்ப்போம் என்றார். "அப்ப ஆணா பொண்ணான்னு சொல்ல மாட்டீங்க. வெளியிலயே போர்டு மாட்டியிருக்கே" என்றாய். டாக்டரே சிரித்துவிட்டார்.

ஏற்கெனவே எடுத்த ஸ்கேன் போதாதா என்று திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாய். வாத்தியார் அல்லவா, வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன்: ஏரி நிரம்பியிருந்தபோது எடுத்த படத்தை வைத்துக்கொண்டு, மதகைத் திறந்த பிறகு கரையோரத்தைத் தேட முடியாது. மண்டையோட்டைத் திறந்ததும் மூளை சற்று இறங்கி நகர்ந்துவிடும். அந்த நேரத்தில் கட்டி எங்கே இருக்கிறது என்பதை இந்தக் கருவி காட்டும். "இவ்வளவு தெளிவாச் சொல்றீங்க, பஸ் டிக்கெட்ட மட்டும் ஏங்க துண்டு துண்டாக் கிழிக்கிறீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

கட்டி, பேச்சுக்கான இடத்தை ஒட்டி இருந்தது. முழுவதும் எடுத்தால் பேச்சு போகலாம். விட்டால் மறுபடி வளரலாம். நீ யோசிக்கவே இல்லை. "பேச்சை மட்டும் விட்டுடுங்க டாக்டர். எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாது. நான் பேசலன்னா நான் இல்லன்னு நெனச்சுக்கும்."

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர், "கடைசியா ஸ்கேன் வச்சுப் பார்த்தப்ப ஓரத்துல கொஞ்சம் மிச்சம் தெரிஞ்சுது சார். அவங்க கேட்டபடி நிறுத்திட்டேன்" என்றார். கண் விழித்ததும் நீ சொன்னது, "அம்மாவுக்குப் போன் போடுங்க."

உன் அம்மாவின் ஊரான ஆண்டிமடத்தில் அடுத்த முந்திரிக்கொட்டை எடுக்கும் பருவம் வரை அவரோடு தினமும் சாயங்காலம் பேசினாய். பிறகு, விட்டுவைத்த அந்த மிச்சமே வளர்ந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன்னைக் கிடத்தியிருந்தபோது அத்தை உன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "பேசச் சொல்லுங்க மாப்ள" என்றார்.

இப்போதும் சாயங்காலமானால் அத்தையிடமிருந்து போன் வருகிறது. உன்னிடம் கேட்டதையே என்னிடமும் கேட்கிறார்: "இன்னிக்கு என்ன கொழம்பு மாப்ள?" எனக்கு மட்டும் என்றால் சமைக்கவே தோன்றாது. ஏதோ ஒரு குழம்பின் பெயரைச் சொல்லி வைக்கலாம்தான். ஆனால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். அதனால் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.